'எஸ்' அழுத்தச் சொன்னவன் நான்தான்

கடந்த நவம்பரில் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். நவம்பர் என்றால் என்னைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு என்ன மாதம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், அதுவும் நானேதான் அது என்று நிரூபிக்க வேண்டிய மாதம். இப்போதெல்லாம் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு பி.பி.ஓ. எண் வேண்டும். அது ஸ்ரீரங்கம் வீட்டுக் கம்ப்யூட்டரில், நான் ஸ்கேன் செய்து வைத்த கோப்பில் இருந்தது.

அதனால் என்ன, இங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்விடலாமே என்று மடிக்கணினியைத் திறந்தேன். மாப்பிள்ளை வீட்டு ரவுட்டரில் வி.பி.என். போட்டுக் கொடுத்திருக்கிறார். ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கியதும் ஒரு பெட்டி வந்து நின்றது. "தொலைவில் உள்ள கணினியின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை. இருந்தாலும் இணைக்கட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. போன தடவையே 'இனிமேல் கேட்காதே' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். மறுபடியும் ஏன் கேட்கிறது?

என் விரல் தன்பாட்டுக்கு 'எஸ்' பக்கம் போனது. முப்பது வருடப் பழக்கம். அன்றைக்கு மட்டும் விரலைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்வதற்கு முன், அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் 1990களில் யூனிக்ஸ் இயந்திரங்கள் இருந்தன. ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் ஊரில் இருக்கும் இயந்திரத்துக்குள் நுழைய டெல்நெட் என்ற ஒரு வழி. பெயரைக் கேட்கும், பாஸ்வேர்டைக் கேட்கும், உள்ளே விட்டுவிடும். எந்தப் பெட்டியும் வந்து குறுக்கே நிற்காது. என்ன சுகம் என்று நினைத்திருந்தோம். நாம் அடிக்கும் பாஸ்வேர்டு கம்பி வழியே அப்படியே, ஒட்டாத போஸ்ட் கார்டு போலப் போகிறது என்பது தெரிந்தும் யாரும் கவலைப்படவில்லை.

பின்லாந்தில் ஒருவர் கவலைப்பட்டார். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ புகுந்து, போகிற வருகிற பாஸ்வேர்டுகளைப் பிடித்துவிட்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதினார். அதுதான் எஸ்.எஸ்.ஹெச். அந்த ஜூலை மாதமே அதை இலவசமாக வெளியிட்டார். வருடம் முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். பேச்சு முழுவதும் பூட்டிய பெட்டிக்குள் போகும், வழியில் இருப்பவனுக்கு ஒன்றும் புரியாது.

ஆனால் பூட்டினால் மட்டும் போதுமா? யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பூட்டி என்ன பயன்? நடுவில் ஒருவன் உட்கார்ந்து, உங்களிடம் "நான்தான் சர்வர்" என்றும், சர்வரிடம் "நான்தான் அவர்" என்றும் சொன்னால், நீங்கள் பூட்டும் பூட்டுக்கான சாவி அவனிடம்தான் இருக்கும். எஸ்.எஸ்.ஹெச். இதற்கு எளிய வழி ஒன்று வைத்திருந்தது. முதல் தடவை போகும்போது அந்த இயந்திரத்தின் கைரேகையைக் காட்டி, "இதை நம்புகிறாயா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை ரேகை மாறியிருந்தால் ஊரைக் கூட்டிக் கத்தும்: அடையாளம் மாறிவிட்டது, யாரோ விஷமம் செய்கிறார்களோ என்னவோ என்று திரை முழுக்க எழுதும். அறிமுகம் செய்துகொண்ட முகத்தை மறக்காத வீட்டு நாய் மாதிரி.

சர்டிபிகேட் என்ற யோசனை இதைவிடப் பழையது. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் எழுதிய கட்டுரையில் ஒரு புதுமை இருந்தது. ஒருவருக்கு இரண்டு சாவிகள், ஒன்று ரகசியம், இன்னொன்று ஊருக்கே தெரியலாம். எல்லோருடைய பொதுச் சாவியையும் டெலிபோன் டைரக்டரி போல ஒரு பொதுப் பட்டியலில் வைத்துவிடலாம் என்றார்கள். 1978இல் எம்.ஐ.டி.யில் பட்டப்படிப்பு மாணவராக இருந்த லோரன் கோன்ஃபெல்டர் தன் ஆய்வேட்டில் வேறு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு தடவையும் டைரக்டரியைப் போய்ப் பார்ப்பானேன்? "இந்தச் சாவி இன்னாருடையதுதான்" என்று நம்பகமான ஒருவர் கையெழுத்திட்ட சிறு சீட்டை அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டால்? அந்தச் சீட்டுக்கு அவர் வைத்த பெயர்தான் சர்டிபிகேட்.

நம் தலைமுறைக்கு இது புதிதே அல்ல. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலின் நகலைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் ஆபீசர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்கள்தானே நாம்? அவர் பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினால் உலகம் நம்பும். நமக்கு முன்பின் தெரியாத அதிகாரி நம்மை நம்புவதில்லை, அந்தப் பச்சை மையை நம்புகிறார். கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே கதைதான். 1988இல் எக்ஸ்.509 என்ற சர்வதேசத் தரம் அந்தச் சீட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று வகுத்தது. யாருடையது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கையெழுத்திட்டவர் யார். 1995வாக்கில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. சான்று வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் வந்தன. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்க ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியே நியமிக்கப்பட்டார்.

இப்போது ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வருவோம். 1998இல் விண்டோஸ் என்.டி. டெர்மினல் சர்வர் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இதைத் தந்தது. 2001இல் எக்ஸ்.பி. வந்தபோது சாதாரண அலுவலக மேஜைக்கும் வந்துவிட்டது. பேச்சு பூட்டப்பட்டுத்தான் போனது. ஆனால் எதிரே இருப்பது யார் என்று சரிபார்க்கும் விஷயத்தில் ஓட்டை இருந்தது. 2005இல் இத்தாலியைச் சேர்ந்த மாசிமிலியானோ மொன்டோரோ அதைப் படம்பிடித்தாற்போல் காட்டினார். சர்வரின் சாவிக்குக் கையெழுத்திடும் ரகசியச் சாவி, விண்டோஸின் ஒரு கோப்புக்குள்ளேயே கிடந்தது. எல்லா விண்டோஸிலும் அதே சாவி. ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு, அதன் சாவியும் பூட்டு விற்ற பொட்டலத்திலேயே! யார் வேண்டுமானாலும் சர்வர் வேஷம் போடலாம்.

அதே ஆண்டு வந்த சர்வர் 2003இன் முதல் சர்வீஸ் பேக்கில், இணையம் பயன்படுத்தும் அதே சர்டிபிகேட் முறையை ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் வைத்தார்கள். விஸ்டா காலத்தில் வந்த புதிய மென்பொருள் அந்தச் சர்டிபிகேட்டைச் சரிபார்த்து, சந்தேகம் இருந்தால் பெட்டியைக் காட்டத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொரு கணினிக்கும் சான்று வாங்கிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அதனால் கணினியே தனக்குத் தானே கையெழுத்திட்டு ஒரு சான்று எழுதி வைத்துக்கொண்டது. கெஜட்டட் ஆபீசர் போய் நாமே போட்டுக்கொள்ளும் சுய சான்றொப்பம் வந்ததே, அதே மாதிரி. சுய சான்றைக் கண்டதும் எதிர்ப்பக்கம் "இவர் சொல்வதை இவரே சொல்கிறார், நம்பலாமா?" என்று கேட்கத்தானே செய்யும்? கேட்டது. எல்லோரிடமும், எல்லா நாளும் கேட்டது.

இங்கேதான் என் பங்கு வருகிறது.

2008இல் எங்கள் அலுவலகத்தில் புதிய சர்வர் போட்டோம். கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. முதல் நாள் காலை பத்து மணியிலிருந்து போன். "சார், என்னவோ பெட்டி வருது." "சார், செக்யூரிட்டின்னு போட்டிருக்கு, தொடலாமா?" மதியத்துக்குள் நாற்பது போன். சரியாகச் செய்வதென்றால் அலுவலகத்துக்குள்ளேயே சான்று வழங்கும் சர்வர் ஒன்றை அமைத்து, எல்லாக் கணினிகளுக்கும் அதை அறிமுகம் செய்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை. நான் செய்தது ஐந்து நிமிட வேலை. அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு தட்டச்சு செய்தேன்: "எச்சரிக்கைப் பெட்டி வந்தால் பயப்பட வேண்டாம். 'எஸ்' அழுத்தவும்." ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மேஜையிலும் செல்லோடேப் போட்டு ஒட்டச் சொன்னேன். போன் நின்றுவிட்டது. மேலதிகாரி பாராட்டினார்.

'புலி வருது' கதையில் பொய் சொன்னவன் ஆடு மேய்க்கிற பையன். எங்கள் அலுவலகத்தில் ஊர்க்காரர்களைக் காது கேளாதவர்களாக ஆக்கியவன் நான். நிஜமாகவே யாராவது நடுவில் வந்து உட்கார்ந்திருந்தாலும் அதே பெட்டிதான் வந்திருக்கும். அதே 'எஸ்'தான் விழுந்திருக்கும்.

இதன் விலை என்ன என்பதை 2011இல் நெதர்லாந்தில் நடந்ததைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். பெவர்வைக் என்ற ஊரில் டிஜிநோட்டர் என்று ஒரு சான்று வழங்கும் நிறுவனம். டச்சு அரசாங்கமே அதனிடம் சான்று வாங்கியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் அதன் நெட்வொர்க்குக்குள் ஒருவன் புகுந்தான். ஜூலை 10 அன்று கூகுளின் பெயரில் ஒரு பொய்ச் சான்றை அந்த நிறுவனத்தின் சாவியாலேயே கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டான். பச்சை மைப் பேனாவையும் முத்திரையையும் ஆபீசர் மேஜையிலிருந்தே திருடிய கதை. ஜூலை 19 அன்று நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது. கண்ணில் பட்ட பொய்ச் சான்றுகளை ரத்து செய்துவிட்டு, வெளியே மூச்சுவிடவில்லை.

கூகுள் பெயரில் இருந்த சான்று அவர்கள் கண்ணில் படவில்லை. ஈரானில் ஜிமெயில் பார்ப்பவர்களுக்கும் கூகுளுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. கையெழுத்து அசலானது என்பதால் பெரும்பாலான பிரவுசர்கள் எந்தப் பெட்டியும் காட்டவில்லை. ஆனால் கூகுளின் சொந்தத் தளங்களுக்கு எந்தச் சான்றுகள் வர வேண்டும் என்று குரோம் பிரவுசருக்குள்ளேயே அந்த வருடம்தான் குறித்து வைத்திருந்தார்கள். அதனால் குரோம் வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. அவர்களில் ஒருவர் ஆகஸ்ட் 28ஆம் தேதி, "எனக்கு ஏன் இந்த எச்சரிக்கை வருகிறது?" என்று கூகுளிடமே பொதுவில் கேட்டார். மறுநாளே உலகம் முழுக்க விஷயம் வெடித்தது.

விசாரித்த ஃபாக்ஸ்-ஐ.டி. நிறுவனத்தின் அறிக்கை செப்டம்பர் 5 அன்று வந்தது. மொத்தம் 531 பொய்ச் சான்றுகள். அந்தப் பொய்யான கூகுளைச் சந்தித்த முகவரிகள் சுமார் 3 லட்சம், அவற்றில் 99 சதவீதத்துக்கும் மேல் ஈரானிலிருந்து. சான்று வழங்கும் சர்வர்கள் எல்லாவற்றையும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டால் திறக்க முடிந்தது, அந்தப் பாஸ்வேர்டும் எளிதில் உடைக்கக்கூடியது என்று அறிக்கை சொன்னது. அதற்கு முன்பே, செப்டம்பர் 3ஆம் தேதி நடுநிசி தாண்டி, டச்சு உள்துறை அமைச்சர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்தச் சான்றுகளை இனி அரசு நம்பாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 20 அன்று நிறுவனம் திவாலானது.

இது நமக்கு நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூலையில் நம் தேசியத் தகவல் மையத்தின் சான்று வழங்கும் பிரிவிலிருந்தே கூகுள், யாஹூ பெயர்களில் முறையற்ற சான்றுகள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்துச் சொன்னது. நம் கட்டுப்பாட்டு அதிகாரி அலுவலகம் மறுநாளே அந்தப் பிரிவின் சான்றுகளை ரத்து செய்தது.

ஈரானில் அந்த ஒருவரைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். அவரும் நம்மைப் போல் மெயில் பார்க்க உட்கார்ந்தவர்தான். ஒரு பெட்டி வந்தது. அவர் தாண்டிப் போகவில்லை, ஏன் என்று கேட்டார். என் குறிப்பு அவர் மேஜையில் ஒட்டியிருந்தால் கேட்டிருப்பாரா?

இந்தக் கேள்வியோடு நான் சும்மா இருந்திருப்பேன். போன வருடம் பழைய சகா ஒருவர் போன் செய்தார். எனக்குக் கீழே பதினைந்து வருடம் வேலை பார்த்தவர், நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து அவரும் ஓய்வு பெற்றார். பேங்கிலிருந்து பேசுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். வேறொருவர் உங்கள் திரையைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று பெட்டி வந்திருக்கிறது. அழுத்திவிட்டார். ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

"எச்சரிக்கை வந்துச்சு இல்ல, ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கக் கூடாதா நீங்க?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பெட்டி வந்தா எஸ் கொடுக்கணும்னு பழகிப்போச்சு சார்" என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவருக்கு அந்தக் குறிப்பு ஞாபகம்கூட இருந்திருக்காது. எனக்கு இருந்தது.

அதனால்தான் பெங்களூரில் விரலை நிறுத்தினேன். 'எஸ்'ஸுக்குப் பதிலாக 'சான்றைக் காட்டு' என்ற பொத்தானை அழுத்தினேன். பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்.

முதலில் பெயர். சான்று கணினியின் பெயரில் இருக்கிறது, நான் போனதோ எண் முகவரியை வைத்து. பெயர் பொருந்தவில்லை என்று சொல்வது நியாயம்தான். இரண்டாவது தேதி. தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் கணினி எங்கேயோ பழைய வருடத்தில் போய் நிற்கும், நல்ல சான்றும் செல்லாததாகத் தெரியும். என் இரண்டு கணினிகளிலும் தேதி சரியாக இருந்தது. மூன்றாவது, கையெழுத்திட்டவர். அதே கணினிதான், சுய சான்று. ஆனால் சான்று தொடங்கும் தேதி நான்கு நாளுக்கு முன்னால் இருந்தது. புதுச் சான்று! விண்டோஸ் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் சான்றுக்கு ஆயுள் ஆறு மாதம்தான். முடிந்ததும் தானே புதிது எழுதிக்கொள்ளும். நான் டிக் அடித்தது பழைய சான்றுக்கு. எனக்கு வருடத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ் சான்று, அதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

காரணம் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் நடுவில் இருப்பவனும் நான்கு நாளுக்கு முந்தைய தேதி போட்டு, அதே பெயரில் ஒரு சுய சான்று எழுத முடியுமே? உறுதிசெய்ய ஒரே வழி, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் சான்றின் ரேகையும் என் திரையில் தெரிவதும் ஒன்றா என்று வேறு வழியில் ஒப்பிடுவது. மனைவிக்குப் போன் செய்தேன். எங்கே போய் எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, 'ரிமோட் டெஸ்க்டாப்' என்ற அடைவுக்குள் இருந்த சான்றைத் திறக்க வைப்பதற்குள் இருபது நிமிடம். கடைசி வரியில் நாற்பது எழுத்தும் எண்ணும்.

"ஒன்பது, மூணு, பி..."

"பி-யா, டி-யா?"

"பிங்க. பாம்பே பி. ஏங்க, இப்படி இன்னும் எத்தனை இருக்கு?"

"படி படி. ஒன்னுகூட விடாம படி."

நாற்பதும் பொருந்தியது. நிம்மதியாக 'எஸ்' அழுத்தினேன். அப்படி அறிந்து அழுத்திய 'எஸ்' என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இதை நீங்கள் எல்லோரும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெட்டி வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நேற்று வராதது இன்று ஏன் வருகிறது என்று கேளுங்கள். கணினியை ஃபார்மட் செய்தார்களா, தேதி தப்பா, சான்று புதுப்பித்தார்களா? காரணம் கிடைக்காவிட்டால் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள். அலுவலகத்தில் இன்னும் பொறுப்பில் இருக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மூன்று நாள் வேலையைச் செய்துவிடுங்கள் தம்பி. தினமும் வரும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. சும்மா வராமல் இருந்தால்தான், வரும்போது படிப்பார்கள்.

கோப்பைத் திறந்து பி.பி.ஓ. எண்ணைக் குறித்துக்கொண்டு, "வேலை முடிஞ்சுது" என்று வீட்டுக்குச் சொன்னேன்.

"அப்படி என்னத்தை எடுத்தீங்க அதுக்குள்ள இருந்து?"

"பி.பி.ஓ. நம்பர்."

"அதுவா? பீரோவைத் திறந்து புஸ்தகத்தைப் பார்த்தா நானே சொல்லியிருப்பேனே!"